கட்டம் எண்ணத் தெரியும்

கண்ணாடியில் ஒட்டியிருந்த பிசுக்கு முதல் தேய்ப்பில் போகவில்லை. மகள் சமையலறைக் குழாயடியில் நின்றபடி இன்னொரு சொட்டுச் சோப்பு விட்டுத் தேய்த்தாள். அப்பாவின் மூக்குக்கண்ணாடி அது. போட்டோவில் எல்லாம் கண்ணாடியோடு இருக்கிறார், அது இல்லாவிட்டால் பார்க்க வருகிறவர்களுக்கு வேறு யாரோ போலத் தெரியும், தேடி எடுத்து மாட்டிவிடுங்கள் என்று வண்டிக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூன்று மணிக்கு வண்டி வரும். விடியற்காலையில் தேநீர் கேட்டுவிட்டு, அது வருவதற்குள் போய்விட்ட மனிதர் முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தார்.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. பதினோரு வருடமாக ஊரில் பாதிப் பேருடைய கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தவள். யார் எப்படி அழுக்காக்குவார்கள் என்பது அத்துப்படி. சமைக்கிறவர்களுடையதில் எண்ணெய் ஆவி படிந்திருக்கும், கைக்குழந்தைக்காரர்களுடையதில் எச்சில் காய்ந்திருக்கும். இது அப்படி இல்லை. இரண்டு வில்லையிலும் நட்டநடுவில் கட்டைவிரல் ரேகை. ஒன்றன்மேல் ஒன்றாக, மாதக்கணக்கில் படிந்து, பாலாடை மாதிரி. கண் தெரிகிற எவரும் கண்ணாடியை நடுவில் பிடித்து எடுப்பதில்லை. காதில் மாட்டுகிற காம்பைப் பிடித்துத்தான் எடுப்பார்கள். தப்பித்தவறி விரல் பட்டுவிட்டால் சட்டை நுனியால் உடனே துடைப்பார்கள். இதைப் போட்டுக்கொண்டு எதையும் பார்த்திருக்கவே முடியாது.

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. குழாயில் தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. அப்பா செத்துக் கிடக்கிற வீட்டில் இது என்ன ஆராய்ச்சி என்று தன்னையே திட்டிக்கொண்டு, துடைத்து எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

அம்மா கட்டிலின் இடப்பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் இடது உள்ளங்கையை மேல்பார்க்க வைத்து, அதில் ஆள்காட்டி விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு தட்டு. பாவம், கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று நினைத்தாள் மகள். கண்ணாடியை மாட்டினாள். பளிச்சென்ற கண்ணாடிக்குப் பின்னால் மூடிய கண்கள். அக்கம்பக்கத்து ஆட்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்கள்.

அண்ணன் வாசலில் நின்றான். லாரி ஓட்டுகிறவன், ஒன்பது மணிக்கு வண்டியைத் தெருமுனையில் போட்டுவிட்டு வந்ததிலிருந்து அவன் உட்காரவே இல்லை. “அந்த மருந்துக்கடைக்காரன் மட்டும் இன்னைக்கு இந்தப் படி ஏறட்டும்” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். படி ஏறினால் என்ன நடக்கும் என்பதை அவன் சொல்லவில்லை. அவன் தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

மருந்துக்கடைக்காரர் சதுரங்க மன்றத்தின் செயலாளர். அப்பாவுக்கு இருபது வருடப் பழக்கம். அப்பாவின் நல்ல பெயரை வாரிக்கொண்டு போனவரும் அவர்தான்.

அப்பாவை ஊரில் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்துநான்கு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவர். டார்ச் பழுதானாலும் கவலைப்படமாட்டார்; அந்த இருட்டுக் குழிக்குள் இறங்கி, எந்த மரையாணி எங்கே இருக்கிறது என்று தடவியே கண்டுபிடித்து முடுக்கிவிட்டு வருவார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிச்சமிருந்தது சதுரங்கம் ஒன்றுதான். மன்றம் ஒரு கட்டத்தில் போட்டிகளை எல்லாம் இணையத்துக்கு மாற்றியது. அவரவர் வீட்டில் உட்கார்ந்து திரையில் ஆடவேண்டும். ஆரம்பத்தில் அப்பா சுமாராகத்தான் ஆடினார். கடைசி இரண்டு வருடத்தில் ஒருவரை விடவில்லை, அத்தனை பேரையும் அடித்தார். சும்மா சொல்லக்கூடாது, சந்தேகம் வருகிற மாதிரிதான் அடித்தார்.

மருந்துக்கடைக்காரர் கணக்கான ஆள். அப்பாவின் நாற்பது ஆட்டங்களை எடுத்து ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்தார். கண்ணை மூடிக்கொண்டு வெட்டவேண்டிய காயாக இருந்தாலும் சரி, தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிய இடமாக இருந்தாலும் சரி, முப்பத்தைந்திலிருந்து நாற்பது நொடி. எந்த மனிதனும் அப்படி ஆடமாட்டான். பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அது சொல்கிறதைப் பார்த்துப் பார்த்து வைக்கிறவன்தான் அப்படி ஆடுவான் என்றார்கள். முகத்துக்கு நேரே கேமராவை வைத்து ஒரு சோதனை ஆட்டம் ஆடச் சொன்னார்கள். எதிரே ஆடியதும் மருந்துக்கடைக்காரரேதான். அப்பாவின் கண் ஒருதடவைகூடத் திரையில் இல்லை. இடப்பக்கமாக எங்கேயோ பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். லிஃப்ட்காரர் நிரந்தரமாக விலக்கப்படுகிறார் என்று அத்தனை உறுப்பினர்களுக்கும் அறிவிப்பு போனது.

அந்தக் கேமராப் பதிவை மகளுக்கும் அனுப்பியிருந்தார்கள். மூன்று தடவை பார்த்தாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் இத்தனை நாளாக அவள் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

“உண்மையச் சொல்லுங்கப்பா. பக்கத்துல வேற கம்ப்யூட்டர் வெச்சிருந்தீங்களா?” என்று கேட்டேவிட்டாள். அப்பா சிரித்தார். “உனக்கு என்னம்மா தோணுது?” என்றார். அவள் பதில் சொல்லவில்லை. சொல்லாததே பதிலாகிவிட்டது.

தப்பை ஒப்புக்கொண்டு மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் ஒரு வருட விலக்கோடு விட்டுவிடுவதாக மன்றத்தில் சொன்னார்கள். சரி, விவகாரத்தை முடித்துவிடலாம் என்று அவளே உட்கார்ந்து கடிதத்தை அடித்தாள். கொண்டுபோய்க் கொடுத்தபோது அப்பா கையில் வாங்கவில்லை, நீயே படி என்றார். திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டு படித்தாள். கேட்டு முடித்ததும், கையெழுத்து எங்கே போடவேண்டும் என்றார். கீழே கோடு இருக்கிறது பாருங்கள் என்றாள். கோடு காகிதத்தின் அடியில் இருக்க, அவர் கடிதத்தின் நடுவில், எழுத்துகளின்மேல், கோணல்மாணலாகக் கையெழுத்தைக் கிறுக்கினார். “கோவம் இருந்தா கிழிச்சுப் போடுங்க. இப்படி அலங்கோலம் பண்ணாதீங்க” என்று கத்திவிட்டு அதையே எடுத்துக்கொண்டு போனாள். மூன்று வாரம் ஆகிறது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எழுத்துகளின்மேல் போட்ட கையெழுத்து. வில்லையின் நடுவில் கட்டைவிரல் ரேகை. இரண்டும் ஒன்றாக மகளின் நினைவில் வந்து நின்றன. எழுந்து அப்பாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேசைமேல் சதுரங்கம் ஆடுகிற டேப்லெட். அதற்கு நேரே இருந்தது அப்பாவின் நாற்காலி இல்லை. அம்மா காய் நறுக்கும்போது உட்காருகிற குட்டை நாற்காலி, அவளுடைய பூப்போட்ட மெத்தையோடு. அப்பாவின் நாற்காலி அதற்கு வலப்பக்கம் ஒட்டிப் போட்டிருந்தது. அதில் உட்கார்ந்து பார்த்தாள். இடப்பக்கம் ஜன்னல் தெரிந்தது. கேமராவில் அவர் பார்த்துக்கொண்டிருந்த இடம்! அங்கே வேறு கம்ப்யூட்டர் வைக்க ஒரு பலகைகூட இல்லை. வெளிச்சம் மட்டும்தான் இருந்தது.

டேப்லெட்டைத் திருப்பினாள். திரையின் இடது ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை நீளமாக வெட்டி ஒட்டியிருந்தது. இரண்டிலும் ஒன்றிலிருந்து எட்டு வரை எண்கள். அம்மாவின் கையெழுத்து. நான்குக்கு அவள்தான் அப்படி வால் போடுவாள்.

அப்போதுதான் கடைச் சுவரில் மாட்டியிருக்கிற எழுத்துப் பலகை ஞாபகத்துக்கு வந்தது. பதினோரு வருடமாக ஒரே பலகை. முன்பெல்லாம் சாயங்காலங்களில் அவளைக் கூட்டிப்போக வந்து அப்பா அதன் எதிரே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பரிசோதித்தபோது கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்தார். அந்த வரியில் மூன்றாவது எழுத்து, துடைத்துத் துடைத்துப் பாதி அழிந்து கிடந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அங்கே வந்து தடுமாறுவார்கள். அவர் தடுமாறவில்லை. அதைப் பார்த்து அவள் பெருமைப்பட்டாளே! எங்கப்பாவுக்குக் கழுகுக் கண் என்று அடுத்து வந்தவரிடம் பீற்றிக்கொண்டாளே!

கதவு திறந்தது. அம்மா. மகளையும் அவள் கையில் இருந்த டேப்லெட்டையும் பார்த்தாள். கதவை மறுபடி சாத்தினாள்.

“எத்தனை நாளாம்மா?” என்றாள் மகள்.

அம்மா முதலில் வண்டி போகட்டும், பிறகு பேசலாம் என்றாள். மகள் விடவில்லை. அம்மா குட்டை நாற்காலியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள். இரண்டு வருடம் ஆகிறது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முன்னாலேயே பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். இடது ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. வீட்டில் அவருக்குத் தடவித் தெரியாத இடம் ஏது. காலடிச் சத்தத்திலேயே வருவது யார் என்று சொல்லிவிடுவார். நீ வருகிற நாளில் மட்டும் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வார்.

“எங்கிட்ட ஏம்மா மறைச்சீங்க?”

“நீ ஊருக்கெல்லாம் கண் பாக்கறவ. பெத்த அப்பன் கண்ணு போனத கண்டுபிடிக்காம விட்டுட்டோமேன்னு காலத்துக்கும் மருகுவேன்னு சொன்னாரு. எந்தலைல அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு.”

ஆட்டத்தைப் பற்றியும் அம்மாவே சொன்னாள். பலகை முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. எதிராளி எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு வைத்தான் என்று இவள் ஓரத்து எண்ணை விரல் வைத்து எண்ணிப் பார்த்து அவர் உள்ளங்கையில் தட்டுவாள். அவர் யோசித்துவிட்டு இவள் கையில் தட்டுவார். இவள் மறுபடி எண்ணிப் பார்த்துத் திரையில் நகர்த்துவாள். அவர் யோசிக்கிற நேரம் ஒன்றும் பெரிதில்லை. இவள் எண்ணுகிற நேரம்தான் எப்போதும் ஒரே மாதிரி ஆகும். கேமரா வைத்த அன்றைக்கு அது முகத்தை மட்டும்தானே காட்டியது. கீழே இரண்டு பேர் கையும் அதில் தெரியவில்லை.

மகளுக்கு அழுகை வரவில்லை.  தன்னால் கடிதத்தைப் படிக்க முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பெயர் தப்பியிருக்கும். அந்த வார்த்தையைச் சொன்னால் அவள் கலங்குவாள் என்று, திருட்டாட்டம் ஆடினேன் என்று அவளே எழுதிக்கொண்டு வந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

“யார்கிட்டயும் மூச்சு விடாத” என்றாள் அம்மா. “நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு உன் கடைக்கு யார் வருவா? அவரு ஆசை அது. அதோடவே போகட்டும்.”

முன்னறையில் அண்ணனின் குரல் உயர்ந்தது. இரண்டு பேரும் எழுந்து ஓடினார்கள்.

மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்றிருந்தார். லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் ஒரு வெள்ளைப் பூங்கொத்து. அண்ணன் கதவு நிலையில் கையை ஊன்றி வழியை மறித்திருந்தான். உள்ளே பத்துப் பேர், படிக்கட்டில் ஏழெட்டுப் பேர். 

“எங்கப்பா திருடன்னு ஊரெல்லாம் எழுதி அனுப்பிட்டு, இப்ப பூ எடுத்துட்டு வந்தீங்களா?” என்றான் அண்ணன்.

மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தான் சண்டைக்கு வரவில்லை, ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றார். அண்ணன் கையை எடுக்கவில்லை. அப்பா அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள் என்றான்.  அடித்துவிடுவான் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் கணக்கு பிசகாத மனிதர். “நானும் அப்படித்தான் தம்பி நம்பினேன். ஆனா அவரே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்திருக்காரே. நான் என்ன செய்ய?” என்றார்.

அண்ணன் அப்படியே நின்றான். அந்தக் கடிதம் அவனுக்குத் தெரியாது. மெல்லத் திரும்பிக் கட்டிலைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு நொடி சந்தேகம் வந்துபோனதை மகள் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் தன் முகத்திலும் அதேதான் இருந்திருக்கும். இவன் இந்த நினைப்போடுதான் அப்பாவைத் தூக்கிக்கொண்டு படி இறங்கப்போகிறான். மணி இரண்டரை ஆகியிருந்தது.

அம்மா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். மகள் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

“அத எழுதினது நான்” என்றாள். “அவரு அதப் படிக்கவே இல்ல. அவருக்குக் கண் தெரியாது. ரெண்டு வருஷமா தெரியாது.”

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். படிக்கட்டிலிருந்து யாரோ ஒரு அம்மாள், “நீ கண் பாக்கற வேலைதானேம்மா பண்ற?” என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக்கூடாது என்பதுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆமா. நான்தான் பாத்தேன். எனக்குத் தெரியல” என்றாள் மகள். காது மடல் எரிந்தது. பரவாயில்லை, எரியட்டும் என்று இருந்தது. கட்டிலருகே போய் அப்பாவின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். இனி அவளுக்காக அதை அவர் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். குட்டை நாற்காலி, பிளாஸ்திரி எண்கள், ஜன்னல், உள்ளங்கை. சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்தது. கடைசியில் டேப்லெட்டைக் கொண்டுவந்து மருந்துக்கடைக்காரர் கையில் கொடுத்தாள்.

அவர் எண்களின்மேல் விரலை ஓட்டினார். அவர் சட்டென்று நம்புகிற ரகம் இல்லை. அம்மாவைப் பார்த்து, “உங்களுக்கு ஆட்டம் தெரியுமாம்மா?” என்று கேட்டார்.

“தெரியாது. கட்டம் எண்ணத் தெரியும்” என்றாள் அம்மா. சத்தியத்தை மகள் உடைத்தாயிற்று. இனி மறைக்க அவளுக்கும் ஒன்றும் இல்லை. “நீங்க அன்னைக்கு முதல்ல அஞ்சு ரெண்டுலேர்ந்து அஞ்சு நாலுக்கு வெச்சீங்க. இவரு அஞ்சு ஏழுலேர்ந்து அஞ்சு அஞ்சுக்கு. அப்புறம் நீங்க குதிரைய ஏழு ஒண்ணுலேர்ந்து ஆறு மூணுக்கு.”

நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிற ஆட்டம் அப்படியே வந்தது. காலையிலிருந்து அந்த உள்ளங்கையில் அவள் தட்டிக்கொண்டிருந்ததும் அதுதான். பதினேழாவது நகர்த்தலில் மருந்துக்கடைக்காரர் போதும் என்று கையைக் காட்டினார். சுவரோரம் இருந்த காலி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“கண் தெரியாதவங்க பக்கத்துல ஒரு ஆள் வெச்சுக்கலாம்னு விதியே இருக்கும்மா” என்றார். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்.”

 அப்பா ஏன் சொல்லவில்லை என்பது மூன்றடி தள்ளி, மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. அண்ணன் கதவு நிலையிலிருந்து கையை எடுத்திருந்தான். தங்கையின் பக்கத்தில் வந்து தோள் உரச நின்றுகொண்டான்.

வண்டிக்காரர் படியேறி வந்தார். லிஃப்ட்டை அளந்து பார்த்தாராம், நீட்டிப் படுக்க வைத்தால் கதவு மூடாது, படியில்தான் இறக்கவேண்டும், நான்கு பேர் வேண்டும் என்றார். மருந்துக்கடைக்காரர் தானும் ஒரு பக்கம் பிடிப்பதாகச் சொன்னார். அண்ணன் அவரைப் பார்த்தான், மறுக்கவில்லை.

தூக்குவதற்கு முன்னால் மருந்துக்கடைக்காரர் பூங்கொத்தைக் கால்மாட்டில் வைத்துவிட்டு அம்மாவிடம் வந்தார்.

“அந்த ஆட்டம் பாதியில நின்னு போச்சு. நான்தான் நிறுத்தினேன். அவரு கைதான் ஓங்கியிருந்துது” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் தோத்துட்டேன்னு அவருகிட்டச் சொல்லணும். அத எப்படிம்மா சொல்வீங்க? எத்தனை தட்டு?”

“அதுக்குத் தட்டு இல்ல” என்றாள் அம்மா. “எதிராளி விட்டுக் கொடுத்துட்டா, அவரு விரல மடக்கி விடுவேன். புரிஞ்சுக்குவாரு.”

முக்காலியில் உட்கார்ந்து அவர் இடது கையை எடுத்தாள். சுண்டுவிரலை மடக்கப் பார்த்தாள். விடியற்காலையில் போன உயிர். விரல்கள் கட்டைபோல் விறைத்திருந்தன. மோதிர விரலைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். அதுவும் மடங்கவில்லை. நான்கு பேர் கட்டிலைச் சுற்றிக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மா தன் கையை அந்த உள்ளங்கைக்குள் வைத்து, தன் விரல்களை மடக்கிக்கொண்டாள்.